வரி கட்டுன மகராசனுக்கு நாலு வார்த்தை

ஏலே மருமவனே, ஒன் சம்பளச் சீட்டைச் செல்போன்ல விரிச்சுக் காட்டி நீ மூக்கால அழுததைப் பாத்து எனக்கே மனசு தாங்கல. மாசாமாசம் இவ்வளவு வரி புடிக்கான், பெங்களூர்ல நான் கண்ணு முழிச்சுச் சம்பாதிக்கது ஊர்ல இருக்கவனுக்கெல்லாம் ஓசியில ஊசி போடவா, ஓசியில சுகர் மாத்திரை குடுக்கவான்னு கேட்ட. நல்ல கேள்வி. ஆனா அதைக் கேக்கதுக்கு அரை மணி நேரம் முந்தி, தலைவலின்னு ஒரு பாரசிட்டமால் முழுங்குனியே, அது ஒங்க அம்மை ஆரம்ப சுகாதார நிலையத்துல வாங்கிட்டு வந்து டப்பாவுல போட்டு வச்சிருந்த அட்டையில இருந்து கிழிச்சது. பின்பக்கம் தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்லன்னு போட்டிருக்கும். நீ பெரிய படிப்புப் படிச்சவன், சின்ன எழுத்தெல்லாம் படிக்க மாட்ட.

சரி, மொறைக்காத. நான் ஒன் பக்கம்தான். வரி கட்டுதவனுக்கு மரியாதை செய்யணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி வாசல்ல, கழுத்துல கம்பெனி அட்டை தொங்க, ஒனக்கு ஒரு சிலை வைக்கலாம்னு திட்டமே போட்டுட்டேன். பொறவுதான் கணக்கு இடிச்சுது. ஒன் வருமான வரி நேரா டெல்லிக்குப் போவுது. 2026 மார்ச் வரைக்கும், பதினஞ்சாவது நிதிக்குழு சொன்னபடி, பங்கு வைக்க வேண்டிய துட்டுல நூத்துக்கு 41 ரூவா எல்லா மாநிலத்துக்கும் சேத்து. அந்த 41-ல தமிழ்நாட்டுக்கு 4.079 சதம். பென்சில் வச்சுப் போட்டுப் பாத்தேன். நூறு ரூவாயில ஒன்னே முக்கா ரூவாகூட இங்க வந்து சேரல. அதுல ஆஸ்பத்திரிக்கு எம்புட்டு, ரோட்டுக்கு எம்புட்டுன்னு நீயே பிரிச்சுக்கோ.

அதைவிட ஒரு கூத்து ஒன் சீட்டோட அடியில இருக்கு. ‘சுகாதாரம், கல்வி மேல்வரி’ன்னு 4 சதம். 2018 பட்ஜெட்ல கல்விக்குன்னு இருந்த 3 சதத்தை எடுத்து, சுகாதாரத்தையும் கூடச் சேத்து 4 ஆக்குனாங்க. பேருலயே சுகாதாரம் இருக்குல்லா, அப்ப ஹைகிரவுண்டுக்குத்தான் வருதுன்னு நீ நெனச்சிருப்ப. மேல்வரின்னு பேரு வச்சுட்டா அதுல மாநிலத்துக்குச் சல்லிக்காசு பங்கு கெடையாது. டெல்லித் திட்டம்னு அங்கிட்டுச் சுத்தி இங்கிட்டுச் சுத்திக் கொஞ்சம் வரும், இல்லைங்கல. ஹைகிரவுண்ட்ல சூப்பர் ஸ்பெஷாலிட்டிக் கட்டடம் ஒன்னு அப்படித்தான் வந்தது. 2019 ஜனவரி 27-ல பிரதமர் மதுரைக்கு வந்தவர் அங்க வச்சே அதைத் தொறந்து வச்சாரு. அதே நாள் மதுரை பக்கத்துத் தோப்பூர் எய்ம்ஸுக்கு அடிக்கல்லும் நாட்டுனாரு. அந்த எய்ம்ஸ் பிள்ளைய 2022-ல ராமநாதபுரத்துல போய் உக்காந்து டாக்டர் படிப்பை ஆரம்பிச்சுது. கல்லு மதுரையில, காலேஜ் ராமநாதபுரத்துலன்னு ஆச்சு. நீ கட்டுன வரி எங்க நிக்குன்னு நீயே தேடிக்கோ, எனக்குக் கண்ணு சரியில்ல.

அப்ப இங்க ஆஸ்பத்திரி யாரு துட்டுல ஓடுது? பெரும்பாலும் மாநில அரசாங்கத் துட்டுல. 2025-26 பட்ஜெட்ல மருத்துவத் துறைக்குன்னு 21,906 கோடி வச்சாங்க. பத்திரம் பதியக்குள்ள நாம அழுதது, பெட்ரோல் போடக்குள்ள அழுதது, சோப்பு சீப்பு வாங்குன ஜி.எஸ்.டி., எல்லாத்துலயும் மாநிலத்தோட பங்கு அந்தப் பெட்டியிலதான் விழுது. அந்தப் பெட்டிக்குப் பெரிய கொடையாளி ஒருத்தன் இருக்கான். டாஸ்மாக் கடைக்கு வெளிய, சாரம் அவுந்தது தெரியாம, சாக்கடை ஓரம் படுத்திருப்பான். 2024-25-ல மட்டும் டாஸ்மாக் வழியா அரசாங்கத்துக்கு வந்தது 48,344 கோடி. மருத்துவத்துக்கு வச்ச துட்டைப்போல ரெண்டு மடங்குக்கும் மேல. ஆக சிலை வைக்கணும்னா அவனுக்குத்தான் வைக்கணும், மருமவனே. நின்ன கோலம் சரிப்படாது, சயனக் கோலம்தான். ஈரல் வெந்து அதே ஆஸ்பத்திரிக்கு அவன் வாரப்ப, ‘வாங்க முதலாளி’ன்னு எழும்பி நின்னு கட்டில் குடுக்கணும்.

இதைச் சொல்லிட்டு நான் சிரிச்சேன்னா என் வாய்ல மண்ணு. அவன் பொண்டாட்டி அடகு வச்ச கம்மலும் அந்த 48,344-க்குள்ளதான் கெடக்கு. ஒரு கையால குடிக்க வச்சு மறு கையால குளுக்கோஸ் ஏத்துத சர்க்காரை நான் மெச்ச மாட்டேன். ஆனா ‘என் துட்டுல இவன் வைத்தியம் பாக்கான்’னு அவனைப் பாத்து நீ சொல்லுத பாரு, அதுல மட்டும் நியாயம் கெடையாது. கணக்கைத் திருப்பிப் போட்டா, அவன் துட்டுல நீ பாக்கே.

குடிக்காத, பெட்ரோல் போடாத ஆளு ஒன்னைச் சொல்லுதேன். முக்கூடல்ல, மேலப்பாளையத்துல தெருத்தெருவா திண்ணையில சொளவை மடியில வச்சுக்கிட்டு பீடி சுத்துத பொம்பளையளைப் பாத்திருக்கியா? நீ கார் கண்ணாடியை ஏத்திட்டுப் போனவன், பாத்திருக்க மாட்ட. 1976-ல டெல்லியில ரெண்டு சட்டம் போட்டாங்க. பீடிக்கு ஒரு மேல்வரி, அந்தத் துட்டுல பீடித் தொழிலாளிக்குன்னு ஒரு நல நிதி. பின்னாடி அந்த மேல்வரி ஆயிரம் பீடிக்கு அஞ்சு ரூவா வரை ஏறுச்சு. அதுல இருந்து மருந்தகம், பிள்ளைகளுக்குப் படிப்புத் துட்டு, முக்கூடல்ல அவுகளுக்குன்னு ஒரு ஆஸ்பத்திரி. தூசு நெஞ்சுல ஏறி இருமுதவளுக்கு, அவ சுத்துன பீடியே மருந்துச் சீட்டு எழுதிக் குடுத்த மாதிரி. எங்க இருந்து வருது, எங்க போவுதுன்னு கண்ணுக்கு முன்னால தெரிஞ்ச வரி அது.

2017 ஜூலை 1-ல ஜி.எஸ்.டி. வந்தது. பீடி மேல 28 சதம் போட்டாங்க, அந்தப் பழைய மேல்வரியை எடுத்துட்டாங்க. முந்தி அஞ்சு ரூவா வாங்குனவன் அது ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லி வாங்குனான். பொறவு 28 சதம் வாங்குனவன் எதுக்குன்னு சொல்லல. நல நிதிக்கு இனிமே டெல்லி பொதுப்பெட்டியில இருந்து அள்ளிப் போட்டாத்தான் உண்டு. இதுல ஒன்னு ஒத்துக்கிடணும்: பீடி குடிக்கவன் கொறைஞ்சா அந்தப் பழைய நிதியும் கொறையும். ஊரு பீடியை விட்டாச்சுன்னா ஆஸ்பத்திரியைப் பூட்டணும். ஒத்த வரியில ஒத்த ஆஸ்பத்திரியைக் கட்டித் தொங்க விட்டா இந்தக் கோளாறு வரும். அதனாலதான் எல்லார்கிட்டயும் வாங்கி எல்லாருக்கும் போடுங்கது. ஆனா எல்லாருக்கும்னு வாங்கித் தனியா எதுக்குன்னு சொல்லாம விட்டா, கேக்க ஆளில்லாமப் போயிரும். ரெண்டுலயும் ஓட்டை இருக்கு. ஓட்டை சின்னதா இருக்க பானையைத்தான் எடுக்கணும்.

வரியே வேண்டாம், அவனவன் இன்சூரன்ஸ் போட்டுக்கிடட்டும்னு சொன்ன. ஆகா. நீ கம்பெனி இன்சூரன்ஸ் வச்சிருக்க, அதுபோதாதுன்னு ஒங்க அம்மைக்குத் தனியா ஒன்னு எடுத்த. எடுத்தியே, அந்தத் தாளைப் படிச்சியா? ஏற்கெனவே சுகர் இருக்குன்னா மூணு வருசம் வரை காத்திருன்னு சொல்லலாம்னு போட்டிருக்கும். முந்தி அது நாலு வருசம், 2024-லதான் மூணாக் கொறைச்சாங்க. சுகருக்குக் காத்திருக்கத் தெரியுமான்னு கேட்டியா? 2025 செப்டம்பர் 21 வரைக்கும் அந்தப் பிரீமியத்துக்கே 18 சதம் வரி கட்டுன. நோய்க்கு வரி கட்ட மாட்டேன்னவன், நோய் வராம இருக்கப்பவே வரி கட்டிட்டு இருந்திருக்க. அதுல நடக்கது என்ன? சொகமா இருக்க நூறு பேருட்ட வாங்கி, சொகமில்லாத நாலு பேருக்குக் குடுக்காங்க. சர்க்கார் செஞ்சா அது ஓசி, கழுத்துல டை கட்டுனவன் நடுவுல நின்னு கொஞ்சம் எடுத்துக்கிட்டுச் செஞ்சா அது திட்டமிடலாம்.

நம்ம சர்க்காரும் அந்த வழியில நடந்து பாத்தது, பாத்துட்டும் இருக்கு. 2009-ல கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012-ல அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்னு ஆச்சு. இப்பம் குடும்பத்துக்கு வருசம் அஞ்சு லட்சம் வரை. பிரீமியம் கட்டுதது வரித் துட்டு. தனியார் ஆஸ்பத்திரிக்கும் அதுல துட்டு போவுது, அரசு ஆஸ்பத்திரிக்கும் போவுது. சொந்த ஆஸ்பத்திரியில சொந்த டாக்டர் ஆபரேஷன் பண்ண, சர்க்கார் ஒரு கம்பெனிக்குக் கட்டி, கம்பெனி திருப்பி சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கட்டுது. தாமிரபரணித் தண்ணியைக் கேன்ல அடைச்சு ஆத்துல ஊத்துததுக்கு ஒரு கமிஷன். நெஞ்சைக் கிழிச்சு வைத்தியம் பாக்க அது உதவுச்சு, மறுக்கல. ஆனா நெஞ்சைக் கிழிக்காம இருக்க தெனம் ஒரு மாத்திரை வேணும்லா? அது அந்தக் காப்பீட்டு அட்டையில வராது. 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம்னு ஆரம்பிச்ச பொறவுதான் அது வாசலுக்கு வந்தது. ஒங்க அத்தைக்கு பிரஷர் மாத்திரை கொண்டாந்து தாரது பக்கத்துத் தெருப் பொண்ணு. குடுத்துட்டுச் சும்மா போவாது, ‘ஊறுகாய் தின்னேளா ஆச்சி’ன்னு ஒரு அதட்டல் வேற.

மாத்திரைன்னதும் நெனப்பு வருது. மருந்து வாங்குதது எப்பிடின்னு ஒனக்குத் தெரியணும், நீ கணக்குப் புலி. 1994-ல தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்னு ஒன்னை வச்சாங்க. மாநிலம் மொத்தத்துக்கும் சேத்து ஒரே டெண்டர். கம்பெனிப் பேரு பாக்காம மருந்தோட பேருக்குத்தான் விலை கேப்பாங்க. மாவட்டக் கிட்டங்கிக்கு வந்ததும் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவாங்க. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக், பேங்கு மாதிரியே. எடுத்த மருந்துக்குக் கழிச்சு எழுதுவாங்க. கேரளாவும் ராஜஸ்தானும் வந்து பாத்துட்டுப் போய் அவனவன் ஊர்ல அதே மாதிரி ஆரம்பிச்சான். மொத்தமா வாங்குனா விலை கொறையும்னு மளிகைக் கடை அண்ணாச்சிக்குத் தெரிஞ்சது. நீ மெடிக்கல்ல போய் ஒத்த அட்டை வாங்குத, அவன் சொன்ன விலைக்கு.

அப்பவும் நீ விடல. பணக்காரங்க தானம் பண்ணட்டும், டிரஸ்ட் வைக்கட்டும்னு சொன்ன. மெச்சினேன். இந்த ஊர்ல அதுக்கு ஒரு சாட்சி ஆத்துக்குக் குறுக்கயே நிக்கு. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவுல பாலம் கட்ட அரை லட்சம் ரூவா போல ஆவும்னு அந்தக் காலத்துல கணக்குப் போட்டாங்க. கலெக்டர் ஆபீஸ்ல சிரஸ்தாரா இருந்த சுலோசன முதலியார் நான் தாரேன்னு சொந்தத் துட்டைப் போட்டாரு. 1843-ல பாலம் தொறந்துச்சு, இன்னைக்கும் அவர் பேருதான். மகானுபாவன். ஆனா அவருக்குப் பொறவு நூத்தி எண்பது வருசம் ஓடிட்டு, மருமவனே. இந்த ஆத்துக்கு எத்தனை பாலம் வந்தாச்சு! அடுத்த சுலோசன முதலியார் எந்தப் பஸ்ல வாரார்னு யாராவது சொன்னாங்களா? ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தை எந்தப் புண்ணியவான் பொண்டாட்டி நகையை வித்துக் கட்டுனான்? ஊரே சேந்து அழுத வரி. இன்னொன்னு, தானம் பண்ணுதவன் பேரு பொறிக்கக் கல்லு கேப்பான். ஸ்கேன் மெஷின் வாங்கிக் குடுப்பான், போட்டோ எடுப்பான். சாக்கடைக்குப் போட பிளீச்சிங் பவுடர் வாங்கிக் குடுத்த வள்ளல் யாராவது ஒன் கண்ணுல பட்டானா?

பிளீச்சிங் பவுடர்லதான் பாதி வைத்தியம் இருக்கு. 2012-ல டெங்கு வந்து கடையநல்லூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு படுத்தது ஞாபகம் இருக்கா? நீ அப்ப காலேஜ்ல இருந்த. கொசு பெருகுனது தெரட்டுக்குள்ள கெடந்த செரட்டையில, மாடியில இருந்த பணக்கார வீட்டுத் தொட்டியில, ரெண்டுலயும்தான். கடிக்கக்குள்ள அது பான் கார்டு கேக்கல. வீடு வீடா ஏறி தொட்டியைக் கவுத்துன பொம்பளைக்குக் கூலி யாரு குடுக்கது? ‘என் வீட்டுத் தொட்டியை மட்டும் கவுத்துங்க, அதுக்கு மட்டும் தாரேன்’னு சொன்னா பக்கத்து வீட்டுக் கொசு ஒன் வீட்டு வாசல்ல வந்து நின்னுக்கிடுமா? அரசு நிலவேம்புக் குடிநீர் காய்ச்சி ஊத்துச்சு, பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரி பக்கத்துலயே இருக்கதால நமக்கு அதுல கசப்பு புதுசு இல்ல. நெல்லை எக்ஸ்பிரஸ்ல எதுத்தாப்புல உக்காந்து இருமுதவனுக்கு ஆறு மாசம் காசநோய் மாத்திரை வாங்கக் கதியில்லன்னா, நீ குளிர்ப்பெட்டியில கம்பளி போத்திக்கிட்டு வந்தாலும் காத்து ஒன்னுதான்.

அடுத்து ஒரு பாம்புக் கதை. அறுப்பு நேரத்துல வயக்காட்டுல கட்டுவிரியன் தட்டிட்டுன்னு வையி. ராத்திரி ரெண்டு மணி. நாலு தனியார் ஆஸ்பத்திரிக் கதவைத் தட்டிப் பாரு. அங்க வாசல்ல இருக்கவனே சொல்லுவான், நேரா ஹைகிரவுண்டுக்குப் போயிருங்கன்னு. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நாலுக்கும் சேத்து ஒரே விஷமுறிவு மருந்து. அதுக்கு விஷம் எடுத்துக் குடுக்கதுல பெரிய பங்கு 1978-ல இருந்து இருக்க இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு, சென்னைக்குப் பக்கத்துல வடநெம்மேலியில. இருளன் புடிச்ச பாம்பு, வரித் துட்டுல வாங்குன மருந்து, நைட் டூட்டி நர்ஸம்மா. லாபக் கணக்குப் பாத்து அந்த மருந்தை வருசம் பூரா பெட்டியில வச்சுக்கிட்டு எவன் காத்திருப்பான்? நாலு வழிச் சாலையிலயும் இதே கதைதான். ஒன் கர்நாடகா நம்பர் கார் கங்கைகொண்டான் பக்கத்துல கவுந்தா, 2008-ல ஆரம்பிச்ச 108 வண்டி வந்து தூக்கும், பில்லு நீட்டாது. மொத 48 மணி நேர வைத்தியத்தை அரசாங்கம் ஏத்துக்கிடுங்கது 2021 டிசம்பர்ல வந்தது. எந்த ஊர்க்காரன், என்ன சம்பளம்னு அதுல கேள்வியே கெடையாது. அமெரிக்காவுல இருக்க ஒன் சேக்காளிட்ட அங்க ஆம்புலன்ஸ் ஏறி எறங்க என்ன ஆவும்னு கேட்டுட்டு வா. கடல் தாண்டி இலங்கையில வரித் துட்டுல ஆஸ்பத்திரி ஓடுது, வெள்ளைக்காரன் 1948-லயே தன் ஊர்ல அதை ஆரம்பிச்சுட்டான். அவன் என்ன தர்மசத்திரமா நடத்துதான்? சொகமா இருக்கவன்தான் சோலி பாப்பான், அவனுக்குத் தெரியும்.

நம்ம ஊருக்கும் இது புது ஞானம் இல்ல. 1939-லயே மதராஸ் பொதுச் சுகாதாரச் சட்டம் போட்டாங்க, ராஜாஜி மந்திரிசபையில டி.எஸ்.எஸ். ராஜன் சுகாதார மந்திரி. முனிசிபாலிட்டி தன் சொந்த வருமானத்துல நூத்துக்கு முப்பது, ஜில்லா போர்டு பன்னெண்டரை, பொதுச் சுகாதாரத்துக்குன்னு ஒதுக்கி வைக்கணும்னு அதுல இருந்தது. தேசம் முழுக்கக் கணக்கு என்னன்னு பாத்தா, 2017 சுகாதாரக் கொள்கையில 2025-க்குள்ள நாட்டு வருமானத்துல ரெண்டரை சதம் அரசாங்கம் செலவழிக்கும்னு எழுதுனாங்க. 2021-22-ல அது 1.84-லதான் நின்னுச்சு. அப்பவும் ஜனங்க சொந்தப் பையில இருந்து எடுத்துக் கட்டுதது மொத்த வைத்தியச் செலவுல நூத்துக்கு 64-ல இருந்து 39-ஆ கொறைஞ்சிருக்கு, எட்டு வருசத்துல. பிரசவத்துல சாவுத தாய்மாரு, லட்சம் பிரசவத்துக்கு இந்தியாவுல 97, தமிழ்நாட்டுல 54. 2018-20 கணக்கு அது. அந்த 97-க்கும் 54-க்கும் நடுவுல இருக்க பொம்பளைய ஒன் சம்பளச் சீட்டைப் பாத்தா கும்பிடுவாளுவ. ஆனா அவளுவளும் மொளகாய்ப் பொடிக்கு வரி கட்டுனவதான்.

இப்பம் ஒன் குத்தத்தைச் சொல்லப் போறேன், பல்லைக் கடிச்சுக்கோ. கல்யாண வீட்டுல மொய்யை எழுதிட்டு, பந்தியில உக்காராம, எதுத்தாப்புல ஓட்டலுக்குப் போய்த் துட்டுக் குடுத்துத் தின்னுட்டு, பல்லைக் குத்திக்கிட்டே வந்து பந்தியில இருக்கவனைப் பாத்து ‘ஓசிச் சோறு’ன்னு சொன்னா அவனை நாம என்னன்னு சொல்லுவோம்? கோட்டிக்காரன்னு சொல்லுவோம். நீ பண்ணுதது அதுதான். வரியைக் கட்டுத. ஆஸ்பத்திரிக்குள்ள மட்டும் நுழைய மாட்ட. நீ உக்காந்திருந்தா சாம்பார்ல உப்பு இல்லன்னு நாலு வார்த்தை பேசியிருப்ப, சமையக்காரன் பயந்திருப்பான். உக்காந்திருக்கவன்லாம் வாய் தொறக்கப் பயந்தவனாப் போனதால அவன் ஊத்துனதுதான் சாம்பார்.

இதை நான் வெறும் வாயால சொல்லல. 2019 ஜனவரியில நம்ம ஜில்லா கலெக்டர் ஷில்பா பிரபாகர் சதீஷ் தன் சின்ன மகளைப் பாளையங்கோட்டை அங்கன்வாடியில சேத்தாவ. தேசம் பூரா பேப்பர்ல வந்துச்சு. சட்டம் மாறல, பட்ஜெட் மாறல, அந்த அம்மா மக போய் அந்தப் பாயில உக்காந்துச்சு, அவ்வளவுதான். அதுவரைக்கும் அங்கன்வாடின்னா ஏழைப்பட்ட பிள்ளைக்குன்னு நெனச்சவன்லாம் திரும்பிப் பாத்தான். கலெக்டர் பிள்ளை திங்க முட்டையை எவன் அழுகலா வாங்குவான்?

ஆஸ்பத்திரியில குத்தமே இல்லன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். எனக்கு மூட்டுக்குப் பாக்கப் போன ஒரு எடத்துல, தள்ளுவண்டி தள்ளுதவன் கையை நீட்டுனான். பிரசவ வார்டுல ஆம்பளப் புள்ளைன்னா ஒரு ரேட்டு, பொம்பளப் புள்ளைன்னா ஒரு ரேட்டுன்னு கேக்கதை ஊரே பேசுது. ஃபேன் சுத்தாது, கக்கூஸ் பக்கம் போனா மூக்கு நம்ம பேச்சைக் கேக்காது, காலையில டோக்கன் வாங்குனா மத்தியானம்தான் டாக்டர் மொகம் தெரியும். ஒப்பந்த நர்ஸ் பிள்ளைய ரெண்டு பேரு வேலையை ஒருத்தியாப் பாக்காளுவ. இம்புட்டும் நெசம். ஆனா இதுக்கு மருந்து வரியை நிப்பாட்டுததுன்னு நீ சொல்லுத. வலிக்குன்னு வந்தவன் காலை வெட்டுத வைத்தியத்தை எந்தக் காலேஜ்ல படிச்ச?

ஒன் இடது கைச் சட்டையைத் தூக்கு. அந்தத் தழும்பு இருக்குல்லா, பி.சி.ஜி. ஊசி. 1948-லயே கிண்டியில அதுக்குன்னு ஒரு கூடம் வச்சாங்க. நீ பொறந்த வாரத்துல ஒன்னை நான்தான் தூக்கிட்டுப் போனேன், ஒங்க அப்பன் அன்னைக்கும் வேலை வேலைன்னு இருந்தான். ஊசிக்குத் துட்டு கேக்கல. அப்ப வரி கட்டுனவன் எவனும் எங்கிட்ட வந்து ‘இந்தப் பய என் துட்டுல ஊசி போட்டுக்கிட்டான்’னு சொல்லல. சொல்லியிருந்தா நான் ஒன்னை அங்கயே போட்டுட்டு வந்திருப்பேன்.

சரி, போதும். ஒங்க அம்மைக்கு மூணு மாசமா சுகர் சோதிக்கல. நாளைக்கு வெள்ளன எழும்பி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போ. வெறும் வயித்துல எடுக்கணும், அதனால காப்பி கேட்டா குடுக்காத. வரிசையில நீயே நில்லு, சீட்டை நீயே வாங்கு. எவனாவது கையை நீட்டுனா துட்டுக் குடுக்காத, 104-ல கூப்பிட்டுப் பேசு, பேரைக் கேட்டு எழுதிக்கோ. கழுத்துல அந்தக் கம்பெனி அட்டையை மாட்டிக்கிட்டே போ, இஸ்திரி போட்ட சட்டை போடு, இங்கிலீஷ்ல நாலு வார்த்தை ஒரக்கப் பேசு. அந்த வராந்தா ஃபேன் ரெண்டு வருசமா நிக்கு. நான் மூணு தடவை சொல்லிப் பாத்தேன், சாரம் கட்டுன கிழவன் சொன்னா எவன் கேக்கான்? ஒன் இங்கிலீஷுக்காவது சுத்துதான்னு பாப்போம்.